ஆறடி வேலி போதாதபோது: அமெரிக்க வீட்டுமனைகளில் மறைப்புக்கான வழிகள், ஓர் ஒப்பீடு

அமெரிக்கப் புறநகர் ஒன்றில் தனிவீடு வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் முதல் கோடைக்காலத்தில்தான் வேலியைப் பற்றிய நினைப்பு வருகிறது. பின்புறத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், பக்கத்து வீட்டு டெக்கில், அதாவது வீட்டை ஒட்டிய திறந்த மரத்தளத்தில், நிற்பவரின் பார்வை நம் தட்டில் இருப்பது வரை வந்து விழுகிறது. ஆறடி மரவேலி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது போதவில்லை. அதை எட்டடியாக உயர்த்திவிடலாம் என்று எண்ணி விசாரிக்கும்போது, எந்த நிலத்தில் எதை எப்படிக் கட்டலாம் என்று வகுக்கும் ஜோனிங் விதியை நகர நிர்வாகம் எடுத்துக் காட்டுகிறது. அந்த இடத்தில் நிற்பவருக்கு நான்கு வழிகள் உண்டு: விதி இடம்கொடுக்கும் அளவுக்கு வேலியின் தலையில் குறுக்குப் பட்டிகளால் ஆன கட்டச்சட்டம் சேர்ப்பது, அளவை மீற முறைப்படி விதிவிலக்கு கேட்பது, உயிர்வேலி வளர்ப்பது, அல்லது எல்லை வேலியை அப்படியே விட்டுவிட்டு மறைப்பை மனைக்குள்ளே, உட்காரும் இடத்தை ஒட்டிக் கட்டுவது. பலரும் இந்த நான்காவது வழியைக் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். அதை முதலில் அளந்து பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போக வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான கணக்கைப் பின்னால் தருகிறேன்.

முதலில் விதியின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். நகரம் முழுமைக்குமான ஜோனிங் ஒழுங்கை நியூயார்க் 1916-இல் கொண்டுவந்தது. ஒஹையோவின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில், இத்தகைய விதிகள் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு நிலத்தின் மீது எதை, எவ்வளவு உயரத்தில் கட்டலாம் என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் அந்தந்த உள்ளூர் நிர்வாகத்தின் கையில் உறுதியாக நிலைத்தது. எனவே வேலி உயரத்துக்கு நாடு தழுவிய ஒரே எண் கிடையாது. முன்முற்றத்தில் மூன்று முதல் நான்கடி, பக்கவாட்டிலும் பின்புறத்திலும் ஆறடி என்பது பரவலான வழக்கம். ஆனால் ஊருக்கு ஊர் அது மாறும். லாஸ் ஏஞ்சலிஸில் வீட்டு மண்டலங்களின் முன்முற்றத்துக்கு மூன்றரை அடிதான். ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் முன்பக்கம் அதே மூன்றரை அடி, பக்கவாட்டிலும் பின்னாலும் எட்டடி. ஜோனிங்கே இல்லாத பெருநகரம் என்று பெயரெடுத்த ஹூஸ்டனில்கூட எட்டடிக்கு மேற்பட்ட வேலிக்குப் பெர்மிட் வேண்டும். அங்கே ஜோனிங் செய்யும் வேலையின் பெரும்பகுதியை நிலப் பத்திரத்தில் எழுதப்பட்ட கட்டுப்பாடுகள் செய்கின்றன. ஆகவே நண்பர் வீட்டு வேலியைப் பார்த்துவிட்டு அதே உயரத்தில் நாமும் கட்டலாம் என்று எண்ணக் கூடாது. இரண்டு மைல் தள்ளியிருக்கும் அவருடைய வீடு வேறொரு நகர எல்லைக்குள் இருக்கலாம்.

விதியைப் படிக்கும்போது பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. நானும் அங்கேதான் இடறினேன். பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேச வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, ஏழடிக்கு மேற்படாத வேலிக்குக் கட்டடப் பெர்மிட் தேவையில்லை என்கிறது. அந்த வரியை மட்டும் படித்துவிட்டு, ஏழடி வேலி போடத் தடையில்லை என்று முடிவுசெய்து, பலகைகளுக்கு விலை கேட்கும் வரை போய்விட்டேன். பெர்மிட் தேவையில்லை என்பதற்கும் அந்த உயரம் அனுமதிக்கப்பட்டது என்பதற்கும் தொடர்பே இல்லை. முன்னது கட்டுமானப் பாதுகாப்பைப் பற்றியது. பின்னது நிலப்பயன்பாட்டைப் பற்றியது. என் மனைக்குரிய ஜோனிங் வரம்பு ஆறடிதான் என்பது வேறொரு பிரிவில், வேறொரு பக்கத்தில் இருந்தது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சிகாகோவில் ஐந்தடியைத் தாண்டும் வேலிக்கே பெர்மிட் வேண்டும். இரண்டு விதிகளையும் தனித்தனியாகப் பார்த்து, இரண்டில் எது இறுக்கமானதோ அதற்கு ஏற்பத் திட்டமிட வேண்டும். வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்பாக இருந்தால் மூன்றாவதாக அவர்களுடைய விதியும் சேரும். நகரம் அனுமதித்ததைச் சங்கம் மறுக்கலாம். சங்கம் ஒப்புக்கொண்டது நகரத்தைக் கட்டுப்படுத்தாது.

அடுத்தது, உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பது. சமதளமான மனையில் இந்தக் கேள்வி எழாது. சரிவான மனையில் எல்லாமே இதைப் பொறுத்துத்தான். தாங்குசுவரின் மேல் வேலி நிற்குமானால், சில நகரங்கள் மேல்பக்க நிலமட்டத்திலிருந்து அளக்கின்றன. வேறு சில, கீழ்ப்பக்கத்திலிருந்து சுவரையும் வேலியையும் சேர்த்து அளக்கின்றன. மூன்றடிச் சுவரின் மேல் ஆறடி வேலி என்பது முதல் கணக்கில் ஆறடி, இரண்டாவது கணக்கில் ஒன்பதடி. எல்லையோரம் மண்ணைக் கொட்டி மேடாக்கி அதன் மேல் வேலியை நட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்ற யோசனை எல்லோருக்கும் தோன்றுவதுதான். அதை எதிர்பார்த்தே பல நகரங்கள் இயற்கையான நிலமட்டத்திலிருந்து அளக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கின்றன.

மூலைமனைக்காரர்களின் பாடு இன்னும் கடினம். தெருவை நோக்கிய இரண்டு பக்கங்களும் பல ஊர்களில் முன்முற்றமாகவே கொள்ளப்படுவதால், நீங்கள் பக்கவாட்டு முற்றம் என்று நினைக்கும் இடத்துக்கும் மூன்று நான்கடி வரம்பே பொருந்தக்கூடும். இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் வாகன ஓட்டியின் பார்வைக்காக ஒரு முக்கோணப் பகுதியை ஏறத்தாழ எல்லா நகரங்களும் ஒதுக்குகின்றன. அந்த முக்கோணத்துக்குள் இரண்டரை அல்லது மூன்றடிக்கு மேல் வேலி மட்டுமல்ல, செடியும் வளரக் கூடாது. இதில் பேரம் பேச இடமில்லை, பேசவும் கூடாது. சைக்கிளில் வரும் குழந்தை தெரிய வேண்டும் என்பதற்காக உள்ள விதி அது.

இனி, சொன்ன கணக்குக்கு வருகிறேன். வேலியின் உயரம் என்ன என்பதைவிட, பார்ப்பவரின் கண்ணிலிருந்து பார்க்கப்படுபவரின் தலை வரை இழுத்த நேர்கோடு வேலியை எந்த உயரத்தில் கடக்கிறது என்பதே மறைப்பைத் தீர்மானிக்கிறது. ஒரு சனிக்கிழமை மாலை, மடக்கு நாற்காலி ஒன்று, நீளமான மூங்கில் கழி ஒன்று, அளவு நாடா ஆகியவற்றோடு இதை நானே அளந்தேன். பக்கத்து வீட்டு டெக் தரையிலிருந்து மூன்றடி உயரம். அதில் நிற்பவரின் கண்மட்டம் இன்னும் ஐந்தரை அடி; ஆக எட்டரை அடி. அவர் நிற்கும் இடம் வேலிக்கு அப்பால் பத்தடி. என் நாற்காலி வேலிக்கு இப்பால் பதினைந்தடி. உட்கார்ந்தால் தலை நான்கடி உயரத்தில் இருக்கும். இருபத்தைந்து அடித் தொலைவில் அந்தக் கோடு நாலரை அடி இறங்குகிறது. அதாவது அடிக்கு 0.18 அடி. வேலியைக் கடக்கும் இடத்தில் அதன் உயரம் 6.7 அடி. ஆறடி வேலி எட்டு அங்குலம் போதாமல் போவதால்தான் அவருக்கு நான் தெரிகிறேன். எட்டடி வேலி தேவையே இல்லை, ஏழடி போதும்.

இன்னும் ஒன்றும் தெரிந்தது. நாற்காலியை வேலிக்கு எட்டடி அருகில் கொண்டுவந்துவிட்டால், இருக்கும் ஆறடி வேலியே என்னை முழுதாக மறைத்துவிடுகிறது. ஏழடி தூரம் நாற்காலியை நகர்த்துவதற்கு எந்த அலுவலகத்திலும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதைச் சொன்னபோது வீட்டில் உள்ளவர்கள் சிரித்தார்கள். ஆனால் நாற்காலி நகர்ந்தது.

மாடி ஜன்னல் என்றால் கணக்கு மாறுகிறது. பின்வீட்டு மேல்மாடியில் நிற்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து பதினைந்து அடி என்றும், ஜன்னல் வேலிக்கு அப்பால் இருபதடி என்றும் கொள்வோம். அதே பதினைந்தடித் தொலைவில் உட்காருபவரை மறைக்க எல்லையில் ஏறத்தாழ 8.7 அடி வேலி வேண்டும். இங்கே எட்டடிக்கு விதிவிலக்கு வாங்கினாலும் பயனில்லை. பணமும் காலமும் செலவழித்த பின்னும் ஜன்னல் நம்மைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால் உட்காருபவருக்கு மூன்றடி முன்னால், அதே கோடு ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில்தான் செல்கிறது. அந்த இடத்தில் நிற்கும் ஆறடித் தட்டி ஒன்று, எல்லையில் நிற்கும் எட்டடி வேலி செய்ய முடியாத வேலையைச் செய்துவிடுகிறது. தீபத்துக்குக் கைமறைப்பதைப் போலத்தான் இது: காற்று வரும் திசையில் எங்கோ சுவர் எழுப்புவதில்லை, சுடரை ஒட்டிக் கையைக் குவிக்கிறோம்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு வழிகளையும் பார்ப்போம்.

குறை ஓரடிக்குள் இருக்குமானால் கட்டச்சட்டமே சிறந்தது. லேட்டிஸ் என்று கடைகளில் கேட்டால் தரும் குறுக்குப் பட்டிச் சட்டத்தை இருக்கும் வேலியின் தலையில் பொருத்துவதை, திடமான பலகைக்கு இடம்கொடுக்காத பல நகரங்கள் அனுமதிக்கின்றன. சியாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே வேலி ஆறடிதான். ஆனால் அதன் மேல் பெரும்பாலும் திறந்த அமைப்புடைய பந்தற்சட்டமோ கொடித்தட்டியோ வைத்து மொத்தம் எட்டடி வரை போகலாம். திறந்த அமைப்பு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். துளையே தெரியாத நெருக்கமான சட்டத்தை வைத்தால் அதிகாரி அதை வேலியின் நீட்சியாகக் கருதலாம். துளையுள்ள சட்டத்தில் மல்லிகை போன்ற கொடியைப் படரவிட்டால் இரண்டு கோடைகளில் துளைகள் தாமே மூடிக்கொள்ளும். இலைகளை அளக்க யாரும் நாடாவோடு வருவதில்லை. செலவும் நான்கு வழிகளில் இதில்தான் குறைவு. ஆனால் கம்பங்கள் தாங்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆறடி வேலிக்கு எட்டடிக் கம்பத்தை இரண்டடி ஆழத்தில் நடுவது வழக்கம். அந்தக் கம்பத்தின் தலை வேலியோடு முடிந்துவிடுகிறது. அதன் மேல் துண்டு மரத்தை ஆணியடித்து நீட்டினால் முதல் புயலில் சட்டம் பக்கத்து வீட்டில் கிடக்கும். கம்பத்தின் இருபுறமும் புதிய மரம் சேர்த்து போல்ட் போட வேண்டும். அல்லது கம்பத்தையே மாற்ற வேண்டும்.

காற்றைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீரான காற்றழுத்தத்தில் வேலியின் அடியில் விழும் கவிழ்ப்பு விசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆறடியிலிருந்து எட்டடியாக உயர்த்தினால் உயரம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. கவிழ்ப்பு விசையோ ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. விதியில் உள்ள ஆறடி வெறும் அதிகாரிகளின் விருப்பம் அல்ல. சாதாரணமான நான்கங்குலக் கம்பமும் சாதாரணமான குழியும் நம்பகமாகத் தாங்கும் அளவும் ஏறத்தாழ அங்கேதான் முடிகிறது.

விதிவிலக்குக் கேட்பது இரண்டாவது வழி. வேரியன்ஸ் எனப்படும் இதற்கு விண்ணப்பம், கட்டணம், மனையின் அளவை வரைபடம், சுற்றியுள்ள வீடுகளுக்கு அறிவிப்பு, பொது விசாரணை என்று வரிசையாகப் படிகள் உண்டு. பல ஊர்களில் மாதக்கணக்கில் ஆகும். கட்டணம் சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரங்களுக்கும் போகலாம். மறுத்தாலும் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான தடை எதுவென்றால், கேட்பவர் மெய்ப்பிக்க வேண்டிய விஷயம்தான். விதியை அப்படியே பின்பற்றினால் இந்த மனைக்கே உரிய தனித்த இடர் உண்டாகிறது, அந்த இடரை நாமே உண்டாக்கிக்கொள்ளவில்லை, விலக்களிப்பதால் சுற்றுவட்டாரத்தின் தன்மை கெடாது என்று காட்ட வேண்டும். பக்கத்து வீட்டார் பார்க்கிறார்கள் என்பது தனித்த இடர் ஆகாது, ஏனென்றால் அந்தத் தெருவில் உள்ள எல்லோரையும்தான் பக்கத்து வீட்டார் பார்க்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் இந்தச் சோதனை சற்று இளகியது. விண்ணப்பதாரருக்குக் கிடைக்கும் நன்மையையும் சுற்றியிருப்பவர்களுக்கு நேரும் தீமையையும் ஐந்து கூறுகளை வைத்து எடைபோடுவார்கள். இடர் தானே உண்டாக்கிக்கொண்டதாக இருந்தாலும் அது ஒன்றே விண்ணப்பத்தைத் தோற்கடித்துவிடாது. எனினும் அந்த ஐந்தில் ஒன்று, இதே பயனை வேறு வழியில் பெற முடியாதா என்பது. நான்காவது வழி திறந்திருக்கும்போது அந்தக் கேள்விக்கு நேர்மையாக என்ன பதில் சொல்ல முடியும்?

விதிவிலக்கு கேட்பதில் பலர் யோசிக்காத ஆபத்து இன்னொன்று உண்டு. விண்ணப்பத்தோடு வரைபடம் போகிறது; அதிகாரி மனையைப் பார்க்க வரலாம். எல்லைக்கு மிக அருகில் நிற்கும் கொட்டகை, முந்தைய உரிமையாளர் பெர்மிட் இல்லாமல் போட்ட டெக், மின்கம்பிக்கான பொதுவழியின் மேல் நிற்கும் பழைய வேலி ஆகிய எல்லாம் அப்போது கண்ணில் படும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அது. விண்ணப்பிக்கும் முன் உங்கள் மனையை நீங்களே ஒருமுறை அந்தக் கண்ணோடு சுற்றிவருவது நல்லது.

அதற்காக விதிவிலக்கே வீண் என்று நான் சொல்லவில்லை. மனை பக்கத்து நிலத்தைவிட நான்கைந்து அடி தாழ்ந்து கிடந்தாலோ, பின்எல்லை நேராகப் பெருஞ்சாலையில் முட்டினாலோ அதுதான் சரியான வழி. அந்தச் சூழல்களில் விசாரணைக் குழுவும் காது கொடுத்துக் கேட்கும். கிடைத்த விலக்கு உரிமையாளருக்கு அல்ல, நிலத்துக்குச் சொந்தம் என்பதால் வீட்டை விற்கும்போதும் அது தொடரும். பெருஞ்சாலை இரைச்சலுக்கு மற்ற எந்த வழியும் உதவாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் வழிகாட்டலின்படி, சாலைக்கும் வீட்டுக்கும் இடையிலான பார்வைக்கோட்டை மறைக்கும் அளவுக்குத் தடுப்பு உயர்ந்தால் ஏறத்தாழ 5 டெசிபெல் குறைகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் இன்னும் சுமார் ஒன்றரை டெசிபெல். துளையுள்ள சட்டத்தால் இது நடக்காது. மரங்களால் 10 டெசிபெல் குறைய வேண்டுமானால் அடர்ந்த தோப்பு 200 அடி அகலத்துக்கு வேண்டும் என்று அதே நிர்வாகம் சொல்கிறது. அவ்வளவு அகலமான தோப்பு உள்ளவருக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

மூன்றாவது, உயிர்வேலி. மனத்துக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஆனால் ஏமாற்றமும் இதில்தான் மிகுதி. பல நகரங்கள் பின்புறச் செடிவரிசைக்கு உயர வரம்பு வைப்பதில்லை. எனவே பன்னிரண்டடிப் பச்சைச்சுவர் விதிக்கு உட்பட்டே எழும்பலாம். ஆனால் வேலி என்ற சொல்லின் விளக்கத்துக்குள் செடிவரிசையையும் சேர்த்து எழுதிய நகரங்களும் உண்டு. அந்த விளக்கப் பகுதியைத் தேடிப் படிக்காமல் நாற்று வாங்கக் கூடாது. நாற்றங்கால்களில் விரைவாக வளரும் என்று சொல்லித் தரப்படும் துஜா கிரீன் ஜயண்ட் என்ற பசுமைமாறா மரம், வேர்பிடித்த பிறகு ஆண்டுக்கு மூன்றடி வரை உயரும் என்பது உண்மைதான். நாற்பதடிக்கும் மேல் உயரக்கூடிய அந்த மரம் பன்னிரண்டடிக்கும் மேல் அகலும் என்பதை அட்டையில் சிறிய எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். எல்லையிலிருந்து மூன்றடி தள்ளி நட்டால், காலப்போக்கில் மரத்தின் ஒரு பகுதி பக்கத்து மனையில் நிற்கும். தன் பக்கம் நீண்ட கிளையை எல்லை வரை வெட்டும் உரிமை பக்கத்து வீட்டாருக்கு உண்டு. அப்படி வெட்டப்பட்ட துஜா முற்றிய பழைய கிளையிலிருந்து மீண்டும் துளிர்ப்பதில்லை. எமரால்ட் கிரீன் என்ற வகை ஒடுக்கமானது, பதினைந்தடிக்குள் நிற்பது. ஆனால் ஆண்டுக்கு ஓரடிகூட வளராது. மானும் இதற்கு எதிரி. பொறுமை உள்ளவருக்கு ஒடுக்கமான வகைதான் என் பரிந்துரை. ஓடுவேர் மூங்கிலை மட்டும் தொடவே வேண்டாம்: அது எல்லை தாண்டிப் பரவினால் நட்டவரே பொறுப்பு என்று கனெக்டிகட் 2013-இல் சட்டமே செய்துவிட்டது.

நான்காவது வழிக்கு வருவோம். எல்லையிலிருந்து கட்டடம் தள்ளி நிற்க வேண்டிய தூரத்தைச் செட்பேக் என்கிறார்கள். வேலி உயரத்துக்கான வரம்பு பல நகரங்களில் இந்த ஒதுக்குப் பகுதிக்குள் நிற்பவற்றுக்கு மட்டுமே பொருந்துகிறது. அதைக் கடந்து உள்ளே வந்துவிட்டால், நிற்பது வேலி அல்ல, துணைக் கட்டமைப்பு. அதற்குரிய வரம்பு வேலியைவிட மிகவும் தாராளமானது. பெர்கோலா எனப்படும் மரப்பந்தலின் ஒரு பக்கத்தைப் பட்டிகளால் அடைப்பதும், உட்காரும் இடத்தை ஒட்டி எட்டடி அகலத்தில் ஒற்றைத் தட்டி நிறுத்துவதும் இந்த வகையில் சேரும். சிறிய துணைக் கட்டமைப்புகளுக்குக் கட்டடப் பெர்மிட்டும் பெரும்பாலும் வேண்டியதில்லை: நான் முன்பு சொன்ன விதித்தொகுப்பில் அதற்கான எல்லை 200 சதுர அடி, கலிபோர்னியாவில் 120. இதிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மனையின் எந்தப் பகுதியில் நின்றாலும் வேலிக்கு ஒரே உயரம்தான் என்று எழுதிய ஊர்களும் இருக்கின்றன. அங்கே தட்டி என்று கேட்காமல் பந்தல் என்று கேட்க வேண்டும். பந்தலை வீட்டுச் சுவரோடு இணைத்தால் அது வீட்டின் பகுதியாகிப் பெர்மிட் தேவைப்படலாம். தனியாக நான்கு கால்களில் நிற்கட்டும்.

இந்த வழியின் குறை என்னவென்றால், அது முற்றம் முழுவதையும் மறைப்பதில்லை. உட்காரும் இடம் மட்டும் மறையும்; புல்வெளியில் ஓடும் குழந்தைகளும் காயும் துணிகளும் தெரியத்தான் செய்யும். எல்லாமே மறைய வேண்டும் என்பவருக்கு இது தீர்வாகாது. ஆனால் கையில் நாடாவை எடுத்துக்கொண்டு, உண்மையில் எந்த இடத்தில் எந்த நேரத்தில் பார்வை உறுத்துகிறது என்று குறித்தால், பெரும்பாலான வீடுகளில் அது நூறு சதுர அடியைத் தாண்டுவதில்லை.

இந்த நான்கிலும் சேராத ஐந்தாவது வழி ஒன்றை நண்பர்கள் நிச்சயம் சொல்வார்கள்: கேட்காமல் கட்டிவிடு, யார் வந்து அளக்கப்போகிறார்கள் என்று. பெரும்பாலும் யாரும் அளக்க வருவதில்லைதான். விதி அமலாக்கம் புகார் வந்தால்தான் அசைகிறது. ஆனால் புகார் கொடுக்கக்கூடியவர், எந்தப் பக்கத்து வீட்டாரின் பார்வையை மறைக்க வேலியை உயர்த்தினீர்களோ அவரேதான். கட்டிய வேலியை வெட்டிக் குறைக்கச் சொல்வதோடு, குறைக்கும் வரை நாளுக்கு இவ்வளவு என்று அபராதம் விதிக்கும் நகரங்களும் உண்டு. பக்கத்து வீட்டாரோடு மனக்கசப்பு முற்றி உயர்த்திய வேலிக்குப் பெயர்போன எடுத்துக்காட்டு சான் பிரான்சிஸ்கோவில் இருந்தது. 1870-களில், இரயில் பாதைச் செல்வந்தர் சார்லஸ் குரோக்கர், நாப் ஹில் குன்றில் தனக்கு மனையை விற்க மறுத்த நிக்கலஸ் யுங் என்பவரின் சிறிய வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் சுமார் நாற்பதடி உயரத்துக்குப் பலகை வேலி எழுப்பி வெயிலை மறைத்தார். இன்று கலிபோர்னியாவில், தேவையின்றிப் பத்தடியைத் தாண்டி, பக்கத்து வீட்டாரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு நிற்கும் வேலி சட்டப்படி தொல்லையாகக் கருதப்படும்.

பழைய எட்டடி வேலியோடு வீட்டை வாங்கியவர்களுக்கு நிலைமை வேறு. விதி வருவதற்கு முன்பே முறைப்படி எழுந்த வேலி அப்படியே நிற்கலாம், பழுதும் பார்க்கலாம் என்பதே பொதுவான நடைமுறை. ஆனால் முழுவதும் பிரித்துப் புதிதாகப் போட்டால் இன்றைய வரம்புக்குள் வந்துவிட வேண்டும். எனவே சாய்ந்த கம்பங்களை ஒவ்வொன்றாக மாற்றுவது, ஒரே நாளில் அனைத்தையும் பிடுங்குவதைவிட மேல். நீச்சல் குளம் உள்ளவர்களுக்கு மேல்வரம்போடு கீழ்வரம்பும் உண்டு: பொதுவாகச் சுற்றுத்தடுப்பு 48 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, கதவு தானாக மூடித் தானாகத் தாழிட வேண்டும், கட்டச்சட்டம் பயன்படுத்தினால் அதன் துளை ஒன்றேமுக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. குழந்தை கால் வைத்து ஏற முடியாதிருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கடைசி அளவு.

எந்த வழியைத் தேர்ந்தாலும், குழி தோண்டும் முன் 811 என்ற எண்ணை அழைத்தால் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் கட்டணமின்றி வந்து குறித்துவிட்டுப் போவார்கள். எல்லை வேலியையே மாற்றுவதாக இருந்தால், கலிபோர்னியாவில் பக்கத்து வீட்டாருக்கு 30 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். செலவில் இருவருக்கும் சம பங்கு உண்டு என்பதே அங்கே சட்டத்தின் அனுமானம். மற்ற மாநிலங்களில் இந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும், வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒருமுறை அவர்கள் கதவைத் தட்டுவது நல்லது. நான் தட்டியபோது, என் நாற்காலி தங்கள் டெக்கிலிருந்து தெரிவதைவிட, என் சமையலறை விளக்கு தங்கள் படுக்கையறைக்குள் அடிப்பதுதான் தங்களுக்குத் தொல்லை என்றார்கள்.

கடைசியில் டெக்கின் பக்கம் ஓரடிக் கட்டச்சட்டமும், மாடி ஜன்னலின் பக்கம் நாற்காலிக்கு மூன்றடி முன்னால் ஆறடித் தட்டியும் போட்டேன். எழுந்து நின்றால் ஜன்னல் இன்னும் தெரிகிறது. சமையலறை விளக்குக்கு ஒரு மூடி வாங்கி மாட்டியிருக்கிறேன்.